நோ பார்க்கிங்கில் நின்ற விமானம்

பெங்களூரு விவேக் நகர் வீட்டு மொட்டை மாடியில் தகரம் வெட்டி, வெல்டிங் வைத்து, பறக்கும் வண்டிகள் செய்பவள் ஆஞ்சலா. எதுவும் பறக்காது, எல்லாம் சிற்பங்கள். இந்த முறை செய்ததற்குப் பழைய ஸ்கூட்டரின் முகம், மூன்று சக்கரம், வௌவாலுடையதைப் போல இரண்டு இறக்கைகள். அவற்றின் நரம்புகளை ஒவ்வொன்றாக வளைத்து முடிப்பதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது.

கண்காட்சி தொடங்கும் நாள் காலையில் டெம்போவில் கொண்டுவந்து இறக்கினால், கேலரி வாசலில் இறக்கை நுழையவில்லை. கேலரி நடத்தும் வீணாவும் அவளும் கதவைக் கழற்ற ஆள் தேடிப் போய் வருவதற்குள், முன்சக்கரத்தில் மஞ்சள் வீல் லாக் மாட்டியிருந்தது.

மாட்டிய டிராபிக் எஸ்.ஐ. மஞ்சுநாத் அங்கேயே நின்றிருந்தார். "ஏம்மா, இது வண்டியா, குஜிரியா?"

"ரெண்டும் இல்ல சார். ஆர்ட்."

"அதெல்லாம் எனக்கு கொத்தில்லம்மா, தெரியாது. வண்டின்னா நோ பார்க்கிங், ஃபைன் கட்டு. குஜிரி, பழைய இரும்புன்னா ரோட்ல குப்பை போட்ட கேஸு, கார்ப்பரேஷன் லாரி வந்து அள்ளிக்கும். எதுன்னு நீயே சொல்லு."

ஆஞ்சலா இறக்கைகளைப் பார்த்தாள். "வண்டிதான் சார்."

"ஓடுமா?"

"ஓடாது. பறக்கும்." வாய் தவறி வந்துவிட்டது.

மஞ்சுநாத் சிரிக்கவில்லை. "பறக்கிறது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல. சக்கரம் இருக்கு பாரு, அது நம்மது."

அபராதம் கட்டியாயிற்று. ஆனால் சாவிக்காரர் லீவு. "திங்கக்கிழமை வருவாரு. அதுவரைக்கும் உள்ள தூக்கி வச்சுக்கோ. லாக் ஜாக்கிரதை, சர்க்கார் சொத்து."

கதவைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. மாலையில் வந்த கூட்டம் முழுக்க முன்சக்கரத்தின் எதிரே குனிந்து நின்றது. கற்பனைக்கு அதிகாரம் பூட்டிய விலங்கு என்றார் ஒருவர். வீணா, எல்லாம் முன்பே யோசித்ததுதான் என்பதுபோல் தலையசைத்தாள். "அது போலீஸ் மாட்டினதுங்க" என்று ஆஞ்சலா சொல்லிப் பார்த்தாள். என்ன அடக்கம் என்று வியந்தார்கள். நிமிர்ந்து இறக்கையைப் பார்த்தவர் யாருமில்லை. சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கும் முகேஷ், ஆனேக்கல் பக்கத்துத் தன் பண்ணை வீட்டுக்கென்று அங்கேயே விலை பேசி முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை சாவிக்காரர் வந்து லாக்கைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் கேலரிக்குப் போன முகேஷிடமிருந்து போன். "மேடம், மெயின் பீஸையே காணோமே?"

ஆஞ்சலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கடைசியில் உட்கார்ந்து, தகரத்தில் ஒரு லாக் செய்து மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். உள்ளதை உள்ளபடி அவள் செய்தது அதுதான் முதல் தடவை. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

முகேஷ் வந்து அதைத் தடவிப் பார்த்தார். "இப்பதான் உயிர் வந்திருக்கு."

அடுத்த மாதம் வீணா கூப்பிட்டாள். "இன்னும் ரெண்டு பேரு கேக்கறாங்க ஆஞ்சலா. வண்டி வேணாமாம். லாக் மட்டும் போதுமாம்."

எந்தக் கலரில் வேண்டும் என்று கேட்டாள் ஆஞ்சலா.