வெளியே வந்த ரத்தம்

நேற்று மாலை விசாரணை அறையிலிருந்து கார்த்திகனை இழுத்துவந்து லாக்கப்பில் போட்டதிலிருந்து ஷேக் அலாவுதீன் கண்ணை மூடவில்லை. வயிற்றிலேயே மிதித்திருக்கிறார்கள், பூட்ஸ் காலோடு. சும்மா சொல்லக்கூடாது, கைதேர்ந்த பாவிகள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விடிவதற்குள் பையனின் வயிறு பலகைபோல் இறுகி, உதடு வெளுத்துவிட்டது.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்கள்? வழக்கில்லாமல் இருபத்தெட்டு நாள் அடைத்துவைக்கும் சட்டம் வேண்டாமென்று இருவரும் ஜார்ஜ் டவுன் தெருக்களில் துண்டறிக்கை கொடுத்தார்கள். அதே சட்டத்தில் இருவரையும் உள்ளே தள்ளியாயிற்று. அலாவுதீன் பாயான் பாரு தொழிற்சாலையில் போர்மேன், வயது ஐம்பத்திரண்டு. கார்த்திகன் வக்கீல் அலுவலக குமாஸ்தா, இருபத்தாறு. "ஒங்க மகன் என் பொறுப்பு" என்று அவன் அம்மா பத்மாவதியிடம் சொல்லிவிட்டு வந்தவர் அலாவுதீன்.

"சுப்பையா தம்பி! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கப்பா! பையன் செத்துருவான்!"

காவலர் சுப்பையா கம்பிக்கு வெளியே வந்து நின்றார். நல்ல மனிதர். கார்த்திகனின் கழுத்திலிருந்த விரத மாலையைக் கழற்ற மனம் வராமல் விட்டுவைத்தவர். அதுதான் வயிற்றெரிச்சல்.

"தைப்பூச விரதம்ணே. லோக்காப் சோத்துல கோழின்னு ரெண்டு நாளா சாப்டல. வெறும் வயித்துக் காத்துலா இது. பதினஞ்சு வருஷம் காவடி எடுத்தவன், எனக்குத் தெரியாதா?" என்று திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார்.

"மிதிச்சிருக்கானுங்கய்யா! உள்ளுக்குள்ள ரத்தம் போகுது!"

"ரத்தம் எங்க, காமிங்க. ரத்தம் இல்லாமப் போய்க் கேட்டா இன்ஸ்பெக்டர் முடியாதும்பாரு. எல்லாக் கெரேத்தாவும் தண்ணீர்மலைக் கோயில் டியூட்டிக்குப் போயிருச்சு. ஒரே ஒரு காருதான் நிக்குது."

அவர் போய்விட்டார். கார்த்திகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

ரத்தம்தானே வேண்டும் உங்களுக்கு? அலாவுதீன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். யா அல்லாஹ் என்று நெற்றியைக் கொண்டுபோய் மோதினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் தோல் பிளந்து எலும்பில் இரும்பு இடித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. உள்ளங்கையில் பிடித்துக் கார்த்திகனின் வாயோரத்தில், மார்பில், மாலையில் அப்பினார்.

"என்னண்ணே பண்றீங்க?" கார்த்திகனின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"ரத்த வாந்தி எடுத்தேன்னு சொல்லு. வேற பேசாத."

அவர் போட்ட கூச்சலில் இன்ஸ்பெக்டரும் ஓடிவந்தார். கார்த்திகனின் வாயை ஒரு துணியால் துடைத்துப் பார்த்தார். காயமில்லை, நாக்கு சுத்தம். நிமிர்ந்தார். அலாவுதீனின் தலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஆளைத் தூக்கு!"

"நான் இல்லடா! அவன்! அவனத் தூக்குங்கடா!"

அலாவுதீன் கம்பியைக் கட்டிக்கொண்டார். தடியால் விரல்களை அடித்தார்கள். ஒருவன் கையைக் கடித்தார். முழங்காலில் அடி விழுந்தது. கடைசியில் அவர் காலைப் பிடித்துத் தூக்கியவர் சுப்பையா.

"தலைக்காயம்ணே, கிறுக்குத்தனம் பண்ணாதீங்க. ஒங்கள நான் சாக விடமாட்டேன்லா."

இருந்த ஒரே காரில் அவரைப் போட்டுக்கொண்டு போனார்கள். தைப்பூச நெரிசலில் கார் ஒரு மணி நேரம் நின்றது. மருத்துவமனையில் பதினோரு தையல். தையல் போட்ட டாக்டர் ஐனாவிடம், பையனைக் காப்பாற்றச் சொல்லி அலாவுதீன் கெஞ்சினார், விலங்கு மாட்டிய கையால் கும்பிட்டார். அந்தப் பெண் உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டது. "அவன் நல்லாத் தூங்குறான்" என்று பதில் வந்தது.

சாயங்காலம் திரும்பியபோது அறையின் தரை ஈரமாக இருந்தது. கழுவியிருந்தார்கள். அறை காலி. சுப்பையா கையில் மாலையோடு நின்றார். கண் சிவந்திருந்தது.

"அவன் எங்க?"

"தூங்குறான்னுதான் நெனச்சேன்ணே. சத்தியமா. தொட்டுப் பாத்தா சில்லுன்னு..." சுப்பையா மூக்கை உறிஞ்சினார். "அவஸ்தையில்லண்ணே. ஒரு சொட்டு ரத்தம் வரல."

அலாவுதீன் பாய்ந்தார். விலங்குச் சங்கிலியைச் சுப்பையாவின் கழுத்தில் போட்டு இறுக்கினார். முதுகில் தடிகள் விழுந்தன. அவர் விடவில்லை. பத்மாவதிக்கு என்ன சொல்வேன், என்ன சொல்வேன் என்று கத்திக்கொண்டே இறுக்கினார். நெற்றித் தையல் பிரிந்து, ரத்தம் அவர் மூக்கின்மேல் வழிந்து சுப்பையாவின் சட்டையில் கொட்டியது.

"ரத்தம்!" என்று இன்ஸ்பெக்டர் அலறினார். "கார் எடு, சீக்கிரம்!"

ஒரு நிமிஷத்தில் கார் வாசலுக்கு வந்துவிட்டது.