மூடியைத் திறந்தது யார்

சளிக்குப்பிகளைச் சுழற்றும் இயந்திரத்துக்குள் 'டக்' என்றது. ஆய்வகத்தில் அவள் ஒருத்திதான். சுவிட்சை அணைத்தாள், மூடியைத் தொடாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரு குப்பி உடைந்துவிட்டது. எல்லாமே மருந்துக்கு அடங்காத காசநோய்க்காரர்களின் குப்பிகள். சிந்திக் கிடப்பதைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் துளிகளை எந்தத் துணியால் துடைப்பது? அரை மணி நேரமாவது மூடி திறக்கக் கூடாது.

மேற்பார்வையாளரிடம் சொன்னாள். பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நடைபாதைக் கோடியில் இருந்த பண்டக அறைக்குப் போய், கிருமி தடுக்கும் முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

கண்ணாடி வழியே பார்த்தாள். துப்புரவுப் பணியில் இருக்கும் அவள் அம்மா, திறந்த இயந்திரத்துக்குள் தலையை விட்டு, பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷச் சர்க்கரை உடம்பு. அந்த உடம்பு என்றால் காசநோய்க்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

உள்ளே பாய்ந்து கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

"ஏன்மா திறந்தே?"

"சிந்தினா துடைக்கத்தானேடி எனக்குச் சம்பளம்? சார்தான் கூப்பிட்டுத் திறந்து துடைக்கச் சொன்னாரு. மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் துடைச்சேன்."

"எவ்வளவு நேரம் அடக்கினே?"

அம்மா யோசித்தாள். "நடுவுல ரெண்டு மூணு தடவை விட்டேன். செத்துட மாட்டேனா பின்னே?" என்று சிரித்தாள்.

மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார். மதியத்துக்குள் பரிசோதனை முடிவு கேட்டு மேலிடம் கழுத்தை நெரிக்கிறதாம். பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாதாம். படித்த பெண்கள்தான் எறும்பை யானையாக்குவார்களாம். விபத்துப் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்றார்.  வீட்டிலேயே முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். படித்த படிப்பு இன்று அவளைப் பயப்பட வைத்ததே தவிர, அம்மாவைக் காப்பாற்றவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னா, நீங்க போய் அஞ்சு நிமிஷம் உள்ள நில்லுங்க சார்."

அவர் கதவைப் பார்த்தார். கால் முன்னே வரவில்லை. ஓரடி பின்னால் போனது.

பின்வாங்கிய அந்தக் காலை அம்மாவும் பார்த்தாள். மகள் சொல்லி வராத பயம் அப்போதுதான் அவள் முகத்தில் ஏறியது. சிரிப்பு அடங்கியது.

"எனக்கு வந்துடுமாடி?"

"இன்னிக்குத் தெரியாதும்மா. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் டெஸ்ட்ல காட்டும்."

"ரெண்டு மாசமா?" என்ற அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் மேற்பார்வையாளரின் அறைக்குப் போய் விபத்துப் பதிவேட்டை எடுத்து, நடந்ததை எழுதத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை.