கரையை அழித்த கதை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் ஹெப்சி. முடிச்சூரில் மாடிவீடு, கம்ப்யூட்டரே கதி. கடலடியில் கிடக்கும் ஒரு பழைய கப்பலை, மாட்டினால் அங்கேயே நிற்பதுபோல் காட்டும் வி.ஆர். கண்ணாடிக்குள் கொண்டுவந்திருந்தாள். பின்னணிக் குரலுக்கு நாலு பக்கம் கேட்டாள், எழுதித் தந்தேன். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே, அதையே கதையாகவும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘ஆழ்கடலின் மௌனத்தில்...’ (அங்கே மௌனமே இல்லையாம். எதையோ பொரிக்கிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘படகிலிருந்து பார்த்தால், கோபுரத்துக்கு நேர் பின்னால்—’ (இதைப் பாதியில் விட்ட காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

கப்பல் கிடக்கும் இடத்தை அவளுக்குக் காட்டியவர் சவுரிமுத்து. மீன்பிடிக்கிறவர். [ஊரைக் கேட்காதீர்கள்.] ஒரே நிபந்தனை, இடம் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் கப்பலில் இருக்கும் ஜாடியும் பீங்கானும் திருடுபோய் ஒரே வாரத்தில் விலைக்குப் போய்விடும். ஹெப்சி வாக்குக் கொடுத்தாள். ஃபைல்களில் இருந்த ஜி.பி.எஸ். எண்களை ஒன்று விடாமல் அழித்தாள். பிறகு ஒரு ஹாலில் இரண்டு நாள் ஊருக்கெல்லாம் காட்டினாள்.

3

அடுத்த வாரம் சவுரிமுத்து பஸ் பிடித்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நானும் இருந்தேன். காட்சி படகில் தொடங்கும். காலை வெளிச்சம், தூரத்தில் கரை, அப்புறம்தான் முங்குவது. அரை நிமிஷத்தில் கழற்றிவிட்டார்.

“இன்னாம்மா இது? கரை அப்டியே கீது.”

“நிஜமா இருக்கட்டுமேன்னு அங்கயே எடுத்தேண்ணா.”

“நாங்க நம்பர் பாத்தா கடலுக்குப் போறோம்? கரையத்தான பாக்கறோம். ஒரு அடையாளத்துக்கு நேர் பின்னால இன்னொண்ணு வந்து நின்னா, எடம் அதான்.”

ஹெப்சியின் முகம் சுண்டிப்போயிற்று.

[அவர் கத்துவதாக எழுதிப் பார்த்தேன். பொய். தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான்.]

“ஹால்ல ஒருத்தர் மூணு தடவ வந்தார்ணா,” என்றாள் ஹெப்சி. “கடலுக்குள்ள போகவே இல்ல. மேல மட்டும் பாத்துட்டுக் கழட்டிக் குடுத்துடுவார். தல சுத்துது போலன்னு நெனச்சேன்.”

“உன்ன நம்பித்தாம்மா காட்னேன்” என்று சொல்லிவிட்டுச் சவுரிமுத்து எழுந்து போனார்.

4

இப்போது அவள் காட்சி தண்ணீருக்குள்ளேயே தொடங்குகிறது. படகு, காலை, கரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டாள். என் கதைக்குத்தான் முடிவு வேண்டும்.

அ. மறுநாள் போய்ப் பார்க்கிறார்கள். எல்லாம் இருக்கிறது.

ஆ. மறுநாள் போய்ப் பார்க்கிறார்கள். மணலில் குழிகள்.

எதை எழுதினாலும் படகு அங்கே போய் நிற்க வேண்டும். நின்றதுமே என் பேனா கரையை வர்ணிக்கப் போய்விடுகிறது. [இங்கே ஆறு வரிகள் இருந்தன.] ஹெப்சியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சலித்துப்போய் மூடி வைத்துவிட்டேன்.

5

உண்மையில் சவுரிமுத்து தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் போன் செய்தார்.

“கதையில இன்னா எழுதப்போற சார்?”

“நீங்க என்ன பாத்தீங்களோ அதத்தான்.”

“அங்க ஒண்ணும் இல்லன்னு எழுது.”

“நிஜமாவே இல்லையாண்ணா?”

“எழுது சார்” என்று வைத்துவிட்டார்.

எழுதிவிட்டேன்: அங்கே ஒன்றும் இல்லை. என் கதைகளில் வேறு எதை நம்பாவிட்டாலும் போகட்டும், இந்த ஒரு வரியை மட்டும் நம்பிவிடுங்கள்.