கட்டையை மோந்து பார்க்க ஒரு மூக்கு

...நாலு மணிக்கா, நாலு மணிக்கே வந்துவிடுவாளா, எடப்பாடியில் பஸ் ஏறும்போதே அமுதவல்லி போன் போட்டுவிட்டாள், நான் அப்போது பாத்ரூமில் குந்திக்கொண்டு அவளுடைய மீன்தொட்டிக் கட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன், "ஏனுங்க, மாதேசு நல்லா இருக்கறானா?" என்றாள், கால் ஒடிந்த அக்காவுக்குத் துணையாகப் போய்ப் பதினோரு நாள் கழித்துத் திரும்புகிறவள் கட்டின புருசன் நல்லா இருக்கிறானா என்று கேட்கவில்லை, மாதேசைக் கேட்கிறாள், மாதேசு என்கிற மாதேஸ்வரன் ஒரு சக்கர் மீன், விரல் நீளம், மூஞ்சி முழுக்கத் தாடி, "ராசாவாட்டம் இருக்கறான்" என்றேன், ராசா சிவப்புப் பக்கெட்டில் மூடி போட்டுக் கிடந்தான். அரண்மனை என் கையில் இருந்தது. ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு மீன் வறுவல் தின்னப் போன இடத்தில் அவள் பொறுக்கி வந்த கட்டை இது, அதை விட்டு மாதேசு அரை அடி நகரமாட்டான், பாசி தின்னட்டும் என்றுதான் வாங்கி விட்டது, வந்த வருசமே என்னைப் போல ஓய்வு பெற்றுவிட்டான்... பதினோரே நாளில் கட்டை மேல் கறுகறுவென்று பாசி, கட்டையா அது, செம்மறிக் கிடா, கத்தரித்து எடப்பாடித் தறிக்கு அனுப்பியிருந்தால் ரெட்டைக் கட்டிலுக்குப் போர்வை வந்திருக்கும்.

நாருக்கு அசையவில்லை, பிரஷுக்கும் அசையவில்லை, அப்புறம் முப்பத்துநாலு வருசம் கோழிப்பண்ணை சூப்பர்வைசராக இருந்தவன் கை எங்கே போகும்? பிளீச்சிங் பவுடருக்குத்தான் போகும், ஷெட்டில் எது முளைத்தாலும், எது செத்தாலும், முதலாளி வந்தாலும் பிளீச்சிங்தான், ரெண்டு கையாலும் அள்ளிப் போட்டேன், ஒரு லட்சம் கோழிக்குப் போடுகிற அள்ளு அது, பாசி மட்டுமா போனது, கட்டை வெள்ளைவெளேரென்று கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது, அப்படியே கழுவித் தொட்டியில் போட்டிருப்பேன், ஏதோ நல்ல நேரம், வளர்ப்பு மீன் கடைக் குணசீலனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்போமே என்று தோன்றியது. "ஐயோ போட்றாதீங்க சார்," என்று அவன் கத்தியது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும், "கட்ட பஞ்சாட்டம் உறிஞ்சிருக்குமுங்க, மீனு பத்தே நிமிசத்துல மல்லாந்துரும், எவ்வளவு போட்டீங்க?" ஒரு ஸ்பூன் என்றேன். "குளோரின் எடுக்கற சொட்டு மருந்து இருக்குதுங்களா, அத ஊத்தி ஊற வெச்சு, தண்ணிய மாத்தி மாத்தி அலசுங்க, மோந்து பாத்தா துளி வாசம் அடிக்கக் கூடாதுங்க. லைட்ட எத்தன மணி நேரம் போட்டீங்க?" எட்டு மணி நேரம் என்றேன்... அதை எதற்குக் கேட்கிறான்?

ஏழு தடவை தண்ணீர் மாற்றிவிட்டேன், ஏழா, எழுபதா, தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வருகிறது, அது மரச்சாயம் ஒன்றும் செய்யாது என்கிறான் குணசீலன், ஆனால் வாசம்? மோந்து பார்க்க வேண்டுமாம், எந்த மூக்கால்? கோழி எச்ச ஆவியில் வெந்து, நான் ஓய்வு பெறுவதற்குப் பத்து வருசம் முன்பே என் மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது, மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான், கட்டையை மூக்கில் வைத்து அழுத்துகிறேன், நுனி நனைகிறது, அவ்வளவுதான். மணி மூணேகால். பக்கெட் மூடியைத் திறந்தால் மாதேசு வாயை ஒட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறான், டேய், நீயாவது சொல்லேன்... காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கந்தம்மாள் துணி காயப் போடுகிறாள், கூச்சம் பார்க்க நேரமில்லை, கட்டையைச் சுவருக்கு மேல் நீட்டினேன், "கொஞ்சம் மோந்து பாரும்மா." அவள் கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஏனுங்ணா, அக்கா ஊட்டுல இல்லீனா இப்படியெல்லாம் ஆயிருமாங்?" என்று சிரித்துவிட்டுத்தான் மோந்தாள், "மீன் நாத்தம் அடிக்குதுங்ணா." வேற? "வேற என்ன, எனக்குத்தான் ரெண்டு நாளாச் சளியாச்சே." சளி மூக்குக்கா இவ்வளவு கெஞ்சினேன்! போடலாமா, கூடாதா, போட்டு மல்லாந்துவிட்டால் அமுதவல்லி முகத்தை எப்படிப் பார்ப்பது, போன வருசம் என் கோழிப்பண்ணைக் கதையை ஆயிரத்தோராவது தடவை ஆரம்பித்தபோது எழுந்து போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்தாளே, அந்த முகத்தை...

கேட் சத்தம். பையை வைத்தாள், என்னைத் தாண்டிப் பக்கெட்டுக்குப் போனாள், "மாதேசு, சாமி..." என்றாள், பிறகு கட்டையை எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள், பத்தாவது ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி நின்றதில்லை. "பிளீச்சிங் போட்டீங்களாக்கு?" ஒரு ஸ்பூன் என்றேன். "இன்னும் அடிக்குது. ரெண்டு நாளு ஊறட்டும், அப்புறம் வெய்யில்ல காயட்டும்." திட்டவில்லை. மாதேசு பிழைத்தான், நானும் பிழைத்தேன் என்று மூச்சு விடுவதற்குள் ஹாலில் தொட்டி முன்னால் போய் நின்றுவிட்டாள், கட்டையும் இல்லாமல் மீனும் இல்லாமல் தொட்டி பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. "ஏனுங்க, இத்தன பாசி புடிச்சிருக்குதுன்னா... லைட்ட நீங்க அணைக்கவே இல்லீங்களா?" எந்தக் கேள்விக்கும் மூணு பொய் கையில் வைத்திருக்கிறவன் நான், சுவிட்ச் பழுது என்றிருக்கலாம், மாதேசு இருட்டுக்குப் பயந்தான் என்றிருக்கலாம். மறக்கவில்லையே, பதினோரு நாளும் சுவிட்ச் வரைக்கும் விரல் போனது, போய்ப் போய்த் திரும்பியது, அதை அணைத்தால் ஹாலில் மிச்சம் இருப்பது அவள் இல்லாத இருட்டும் நானும்தான்... "சொல்லுங்க" என்கிறாள், அவள் விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது, அணைக்காதே என்று வாய் வரைக்கும் வருகிறது, இவள்தான் வந்துவிட்டாளே, இதோ எதிரிலேயே நிற்கிறாளே, இனி லைட் எதற்கு... ஆனாலும் வருகிறது.