அத்தா பக்கத்துக் கண்ணாடி

"நான் இறங்க மாட்டேன். உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்கு ஒட்டு," என்றார் முகமது பாரூக்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பழனி ரோட்டுக் கார் சாமான் கடை வாசலில் கடைக்காரர் சுருளிவேல் பின்கதவின் மேல் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் நர்கீஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் அம்மா ருக்சானா. அம்மாவின் மடியில் கைப்பை, கைப்பைக்குள் ஒரு சின்னப் புட்டியில் மக்காவின் ஜம்ஜம் தண்ணீர். கடைசி நேரத்தில் வாயில் விட வேண்டும் என்று ஒரு மாதமாக அதைப் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அது யாருக்கு என்று அத்தாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

அத்தாவுக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது. மதுரை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, "வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டில்தான் வைத்துப் பார்க்க முடியவில்லை. நாலு சுவருக்குள் அவருக்கு மூச்சு முட்டும். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தாலும் முட்டும். காரில் ஏற்றி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஊருக்கு வெளியே ஓட்டினால் முகம் தெளிந்துவிடும். முகத்தில் காற்றுப் பட்டால் திணறல் குறைந்த மாதிரி இருக்கும் என்று டாக்டரும் சொன்னார். மாதிரியாவது கிடைக்கிறதே என்று நர்கீஸ் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு தினமும் மத்தியானம் வண்டியை எடுத்தாள். ஒரு நாள் நத்தம் பக்கம், ஒரு நாள் அகரம் பக்கம்.

ஐப்பசி பிறந்தது, வம்பும் பிறந்தது. கண்ணாடியை இறக்கினால் மழையில் நனைவார். ஏற்றினால் திணறுவார். அப்போதுதான் யாரோ அம்மாவிடம் டோர் வைசரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக்கு மேலே வீட்டுக்கூரையின் இறவாரம் போல ஒட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை அது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் சாரல் உள்ளே வராது, காற்றும் முகத்தில் அறையாது. அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. அம்மா வேண்டும் என்றாள், அத்தா வேண்டாம் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இருவரும் ஒன்று. நர்கீஸ்தான் மத்தளம், இரண்டு பக்கமும் இடி.

கடைசியில் அம்மா அழுதாள். அத்தா இறங்கி வந்தார். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை.

"ஏப்பா சுருளி, இந்தப் பட்டையில வந்து அடிக்கிற காத்து எங்க போவும்?"

"அப்படியே மேல ஏறிப் போயிரும் பாய்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு வேண்டியது மட்டும் உள்ள வரும்."

"எனக்கு எம்புட்டு வேணும்னு இதுக்கு யாரு சொன்னா?"

சுருளிவேல் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "வாயாடுறதுக்கு மட்டும் மூச்சு வருது," என்றாள்.

காற்றைப் பற்றி அத்தாவோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. முப்பது வருஷம் தோல் மண்டியில் இருந்தவர். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வாடை எந்த சோப்புக்கும் போகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கொண்டுவரும் சோற்றைத் தின்ன வேண்டியிருக்கிறதே என்று அம்மா திட்டுவாள், அவர் கோபப்பட்டதே இல்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரம்தான் உட்காருவார், வாடை வெளியே போகட்டும் என்று. பள்ளிக்கூட விழாவுக்கு வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, யார் மேலும் படாத மூலையில் போய் நிற்பார். மேடையிலிருந்து நர்கீஸ் முதலில் அந்த மூலையைத்தான் தேடுவாள். மண்டியை விட்டுப் பத்து வருஷமாகியும், வாடையெல்லாம் என்றைக்கோ போயும், ஜன்னலைத் திறக்கிற கை மட்டும் அவருக்கு மாறவே இல்லை.

பின்கதவு இரண்டும் முடிந்து, நர்கீஸ் பக்கமும் முடிந்தது. சுருளிவேல் நாலாவது பட்டையை எடுத்துக்கொண்டு அத்தா பக்கம் வந்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேன் பாய். ஒட்டுன கதவுல இன்னிக்கி ஒரு நாள் கண்ணாடிய இறக்கக் கூடாது. பசை நல்லாப் பிடிக்கணும்."

அத்தா கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார். "அப்ப இத விட்டுரு. நாளைக்கு ஒட்டிக்கலாம்."

"நாளைக்கா? இன்னிக்கி வானம் எப்படி இருக்குனு பாத்தீகளா?" என்றாள் அம்மா. "நனைஞ்சா சளி புடிக்கும். புடிச்சா அது போதும் உங்களுக்கு."

"தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன?"

சுருளிவேல் நர்கீஸைப் பார்த்தார். அம்மாவும் நர்கீஸைப் பார்த்தாள். அத்தா மட்டும் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை கதவின் மேலேயே இருந்தது.

"நாளைக்கு வந்து ஒட்டிக்கிறோம்ணே," என்றாள் நர்கீஸ்.

வண்டி மேற்கே போனது. ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து வருகிற லாரிகள் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு எதிரே போயின. ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கட்டிடங்கள் விலகி வெளி திறந்தது. இடது பக்கம் மக்காச்சோளக் காடு, அதற்கு அப்பால் கன்னிவாடி மலை. மலையைப் பாதிவரை காணவில்லை. வெள்ளைத் திரை ஒன்று மேலிருந்து கீழே தொங்கி, காட்டின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தது. அது மழை. நர்கீஸ் பிறந்து வளர்ந்த ஊர்தான், பார்த்த மழைதான். ஆனாலும் அன்றைக்கு அது வருகிற வரத்தைப் பார்த்து அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. சோளத்தட்டைகள் வரிசை வரிசையாகத் தலை சாய்ந்து அதற்கு வழிவிட்டன.

"யா அல்லாஹ்," என்றார் அத்தா. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை ரயிலைப் பார்க்கிற மாதிரி.

முதல் சாரல் அவர் சட்டையில் விழுந்தது.

"ஏத்துடி கண்ணாடிய!" பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

எல்லாக் கண்ணாடிக்கும் பொத்தான் ஓட்டுகிறவர் பக்கம்தான். நர்கீஸின் விரல் அதன் மேல் போய் நின்றது. அத்தா திரும்பினார். பேச மூச்சு இல்லை. தலையை மட்டும் ஒரு முறை ஆட்டினார், வேண்டாம் என்று. அப்புறம் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி உள்ளங்கையை விரித்தார்.

"நர்கீசு! ஏத்துன்னு சொல்றேன்ல!"

விரலை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மழை உள்ளே வந்தது. சாரலாக இல்லை, முழு மழையாகவே வந்தது. அத்தாவின் தாடியில், நெற்றியில், கண்ணிமையில் வழிந்தது. மூக்குக் குழாயை அவரே கழற்றிக் கீழே போட்டார். நர்கீஸ் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரம் கட்டினாள். அப்போது அத்தா ஒரு மூச்சு விட்டார். அரைகுறை மூச்சுகளையே பல மாதமாகக் கேட்டுப் பழகிய அவள் காதுக்கு அது புதுசாக இருந்தது. நெஞ்சின் அடிவரை போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்த மூச்சு, எங்கேயும் தட்டாமல், முட்டாமல் வந்தது. இன்னொன்று அதே போல. மூன்றாவது வெளியே போனது. அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"நர்கீசு, வண்டியத் திருப்பு," அம்மாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "கிப்லாப் பக்கம் திருப்புடி. சீக்கிரம்."

நர்கீஸ் சாவியில் கை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ரோடு எதிரே நேராக மேற்கே கிடந்தது. கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்து வண்டி தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் முகமும் அங்கேதான் இருந்தது. யாரும் அவரைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. பெரிய ஒன்றின் வாசலில் செருப்போடு வந்து நிற்கிற மாதிரி ஒரு நடுக்கம்தான் வந்தது.

அம்மா சத்தமாகக் கலிமா சொல்லிக்கொண்டே முன்னால் எக்கி, புட்டியின் மூடியைத் திருகினாள். வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். அத்தாவின் உதடு நிறையத் தண்ணீர் இருந்தது. ஓரத்தில் வழிந்து தாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. புட்டியைத் திரும்ப மூடினாள்.

வீடு வந்து சேரும்வரை அந்தக் கண்ணாடி இறங்கியே இருந்தது. தம்பி ஹஸ்ஸான்தான் அத்தாவைத் தூக்கி இறக்கிவிட்டு அதை ஏற்றினான். மறுநாள் காலையில் குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தி, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் எல்லாரும் போனார்கள். தெரு முனை திரும்பியதும் தக்பீர் சத்தம் தேய்ந்தது. பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. நர்கீஸுக்கு மிச்சம் இருந்தது வாசலில் நின்ற காரும், காயாத அந்த சீட்டும்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் துக்கத்தை மட்டுமா கேட்டார்கள்? "மழையில நனைய விட்டீகளாமே?" என்றாள் அத்தாவின் தங்கை நஸீரா மாமி. ஹஜ்ஜுக்குப் போய் அந்த ஜம்ஜம் தண்ணீரைக் கொண்டுவந்தவள் அவள்தான். "நெஞ்சுச் சளிக்காரரு. கண்ணாடிய ஏத்தியிருந்தா இன்னும் நாலு நாள் இருந்திருப்பாரு. வாயில ஜம்ஜமாச்சும் விட்டீகளா?"

அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமி சொன்னதைவிட அந்த மௌனம்தான் நர்கீஸை அறுத்தது. கண்ணாடி என்ற வார்த்தையே அம்மா வாயிலிருந்து வரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு, இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று காத்துக் கிடந்தாள். அம்மாவும் தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சுருளிவேல் வந்தார். கையில் நீளமாக ஒரு அட்டைப் பொட்டலம். வாசலிலேயே நின்றார்.

"கேள்விப்பட்டேம்மா. அன்னிக்கி என்னமா சிரிக்க வச்சாரு." பொட்டலத்தைக் காட்டினார். "இது ஒண்ணு கடையில நின்னுருச்சு. பாய் கதவுக்கு உள்ளது. வண்டி மூணு பட்டையோட நிக்கிறது பாக்க ஒரு மாதிரி இருக்கு. ஒட்டிரட்டுமா? செத்த நேரத்து வேலைதான்."

நர்கீஸ் திரும்பிப் பார்த்தாள். இத்தாவில், கணவனுக்காகத் துக்கம் காக்கிற அம்மா அந்நிய ஆண் முன்னால் வர மாட்டாள். உள்வாசல் திரைக்குப் பின்னால் அவள் வெள்ளைச் சேலையின் கரை மட்டும் தெரிந்தது. இந்தப் பட்டைக்காக ஒரு மாதம் சண்டை போட்டு, அழுது, ஜெயித்தவள் அவள்தான். தஸ்பீஹ் மணியின் சத்தம் நின்றிருந்தது.

"என்னம்மா செய்யட்டும்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள் நர்கீஸ். செய்தது சரியா என்று மூன்று நாளாக அவள் கேட்கப் பயந்ததும் இந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

வெளியே தூறல் போட ஆரம்பித்தது. கார் கூரையில் படபடவென்று விழுந்தது.

"வேணாம்னு சொல்லு," என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும்."

சுருளிவேல் தலையை ஆட்டிக்கொண்டு பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கினார். தெருவில் இறங்கி நடந்தார். நர்கீஸ் அங்கேயே நின்றாள். திரை கொஞ்சம் அசைந்தது.

"நர்கீசு."

"என்னம்மா?"

"மழை வலுக்குது பாரு."

"ஆமாம்மா. கண்ணாடியெல்லாம் ஏத்தித்தான் இருக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "போய் உங்கத்தா பக்கத்த இறக்கி விட்டுட்டு வா," என்றாள்.

நர்கீஸ் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போனாள். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, சாவியைத் திருகி, பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி முழுக்க இறங்கியது. லேசாகக் காய ஆரம்பித்திருந்த சீட்டில் ஒரு சொட்டு விழுந்தது, பக்கத்தில் இன்னொரு சொட்டு விழுந்தது.