பிஷப் தூங்கிய மடி

கிளெம் ட்ரெவினின் மடியில் பிஷப் என்ற சாம்பல் பூனை ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தூங்கத் தொடங்கியது. அது விழித்தபோது கடலோர ஊரான போர்ட் காரோவில் ஏழு கோதுமை அறுவடை முடிந்திருந்தது. அத்தனை நாளும் கிளெம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. எழ முடியாமல் இல்லை. காலில் பலம் இருந்தது, மனதில் ஆசையும் நிறைய இருந்தது. ஆனால் ஊர்ப் பூனைகள் காப்பகத்தில் ஒரு விதி உண்டு, அதை யாரும் மீறியதில்லை.

விதியைப் போட்டவர் மிஸ் உனா பெங்கெல்லி. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை வாங்கி, தெருவில் கிடந்த பூனைகளை அதில் சேர்க்க ஆரம்பித்தார். பயந்துபோய் வரும் பூனை ஒன்று முதல் தடவையாக ஒரு மனிதர் மடியில் கண்ணை மூடினால், அது தானாக விழிக்கும்வரை அந்த மனிதர் அசையக்கூடாது, அவருடைய வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் இதை எழுதி வைத்திருந்தார். அந்த முதல் தூக்கம் கலைந்தால் பூனை மறுபடி மனிதரை நம்ப ஆறு மாதம் ஆகும் என்பது அவர் கணக்கு. இந்த விதியால் ஒருவர் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டிருக்கிறார், ஒருத்தி தன் தங்கை கல்யாணத்துக்குக் கேக் வெட்டி முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். யாரும் முணுமுணுத்ததில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் எந்தப் பூனையும் தூங்கியதும் இல்லை.

பிஷப்போ காப்பகத்துக்கு வந்து நாலு வருடம் ஒரு நிமிடம்கூடத் தூங்காத பூனை. கழுத்தைச் சுற்றிப் பாதிரியார் காலர்போல வெள்ளைப் பட்டை இருந்ததால் அந்தப் பெயர். அலமாரி உச்சியில் உட்கார்ந்து இரவும் பகலும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். மிருக வைத்தியர் அதன் அட்டையில் ‘தூங்குவதில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். தத்தெடுக்க வந்த குடும்பங்களை அது பார்த்த பார்வையில் அவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேறு பூனையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கிளெம் அன்று வந்தது ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய. ஆட்டுப் பண்ணையிலும் கோதுமை வயலிலுமே ஆயுளைக் கழித்தவர், பூனையை வீட்டுக்குள் விட்டதே இல்லை. பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்ததால், பழைய காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த நீள இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பிஷப் அலமாரியிலிருந்து இறங்கி வந்து, மடியில் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றிச் சுருண்டுகொண்டது.

மறுநாள் விடியும்போது கிளெம்மும் அவர் மனைவி நோலீனும் கேரவனை இழுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றப் புறப்படுவதாக இருந்தது. கல்யாணத்தன்று கொடுத்த வாக்கு அது. முப்பத்தோரு வருடமாக மழை இல்லை, மழை அதிகம், ஆடு சினை, டிராக்டர் ரிப்பேர் என்று தள்ளிப்போய், கடைசியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, கேரவனில் தண்ணீர் நிரப்பி, கெட்டிலைக்கூடக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. சாயங்காலம்வரை வீட்டில் காத்திருந்து பார்த்துவிட்டு நோலீன் கொட்டகைக்கு வந்தார்.

“எழுந்திரு.”

“தூங்குது.”

“கண்ணு தெரியுது எனக்கு. எழுந்திருங்கறேன்.”

“நாலு வருஷமாத் தூங்காத பூனை, நோலீன்.”

“நான் முப்பத்தோரு வருஷமா ஊரை விட்டு நகராதவ. எனக்கு எந்தச் சுவத்துல எழுதி வச்சிருக்கு?”

மிஸ் பெங்கெல்லி உள்ளிருந்து வந்து, “நோலீன், சத்தத்தைக் குறை” என்றார். அறுபது வயதிலும் நோலீனுக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்ட அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் வரவில்லை. “சரிங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கொட்டகைத் தகரத்தை ஓங்கி ஓர் உதை விட்டார். பிஷப் அசையவில்லை.

நோலீன் ஒன்பது நாள் பொறுத்தார். பத்தாம் நாள், சனிக்கிழமைதோறும் காப்பகத்துக்காகச் சாஸேஜ் சுட்டு விற்கும் மெர்வ் ஹாஸ்கிங்கிடம் போய், கேரவனைப் பின்னால் எடுப்பது எப்படி என்று சொல்லித்தரச் சொன்னார். தானியக் கிடங்கின் கேட்டில் இரண்டு தடவை இடித்த பிறகு வித்தை கைக்கு வந்துவிட்டது. “போறேன்” என்று வாசலில் நின்று சொன்னார். “போய்ட்டு வா” என்றார் கிளெம். வண்டிச் சத்தம் நெடுஞ்சாலையில் மறைந்ததும் அவர் வெட்கமில்லாமல் அழுதார். கண்ணீர் பூனையின் காதில் விழுந்தது. காது ஒரு தடவை துடித்து நின்றது.

ஊர் பழகிக்கொண்டது. காலைச் சாப்பாடு, சவரம், பேப்பர் என்று பெண்கள் முறை போட்டுப் பட்டியல் தயாரித்தார்கள். மற்ற சங்கதிகளுக்கு என்ன வழி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்கென்று மூன்று பேர் குழு அமைக்கப்பட்டது, குழு ஒரு முடிவுக்கு வந்தது, அதை இங்கே யாரும் பேசுவதில்லை. பூனை ஒரு வாய் தின்னவில்லை, இளைக்கவும் இல்லை. மனிதர் விலங்குக் கொட்டகையில் குடியிருக்கக்கூடாது என்று சொல்ல நகராட்சியிலிருந்து ஒருவர் ஃபைலோடு வந்தார். எழுதுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு குட்டி அவர் மடியில் இரண்டு மணி நேரம் தூங்கியது. சாயங்காலம் ஃபைலை மறந்துவிட்டுக் குட்டியோடு வீட்டுக்குப் போனார். இரண்டாம் வருடம் எலிகள் வயலே நகர்வதுபோலப் பெருகி வந்தபோது, போர்ட் காரோவின் எல்லைவரை வந்து, பிஷப்பின் குறட்டை கேட்கும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போயின. பக்கத்து ஊர்க்காரர்கள் இதற்காக இன்றும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பூனைக்கு முடி வாரிவிட வேண்டும் என்று மிஸ் பெங்கெல்லி சொல்லிவிட்டார். வாரியவர்கள் பாதிப் பேர் பூனையோடுதான் திரும்பினார்கள். மூன்றாம் வருடக் கடைசியில் கூண்டுகள் காலி, அடுத்த மாவட்டத்திலிருந்து பூனைகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. தத்துக் கொடுத்த பூனைகளைப் பற்றிய ஃபோன் எல்லாம் கிளெம்முக்குத்தான். வேறு எங்கும் போகாத ஆள் அவர் ஒருவர்தானே. துண்டில் சுற்றி மாத்திரை கொடுப்பது எப்படி, முதல் வாரம் ஒரே அறையில் ஏன் வைக்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. “கட்டிலுக்கு அடியிலேயே இருக்குதா? இருக்கட்டும்மா. இழுக்காதீங்க. உங்க பழைய சட்டை ஒண்ணை உள்ளே தள்ளிவிட்டு நீங்களும் தரையில படுங்க. பேசாதீங்க. அது வரும்.”

நோலீனிடமிருந்து வாராவாரம் தபால் அட்டை வந்தது. முதலில் இரண்டு வரி. ‘செம்மண். வெயில் நாற்பத்து மூன்று.’ பிறகு அட்டை முழுக்க, ஓரங்களிலும். கிளெம் அதைப் பூனைக்குக் கேட்கும்படி படிப்பார். நோலீன் வடக்கே இருந்த மாதங்களில் கிளெம்மின் பூட்ஸில் செந்தூசி படிந்தது. நோலீன் மேற்குக் கடலோரம் போனபோது பூட்ஸுக்குள் மணல் நெறுநெறுத்தது. ஐந்தாம் வருடம் அடிப்பாகம் தேய்ந்து மெர்வ் புது ஜோடி வாங்கி மாட்டிவிட்டார். அந்த வருடம்தான் மிஸ் பெங்கெல்லி இறந்தார். அடக்கம் முடிந்து வந்த மெர்வ் கருப்பு டையை அவிழ்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மிஸ் போயிட்டாங்கடா. இனிமே எழுந்திரு. யாரு கேக்கப்போறா?”

“அவங்க இருந்தப்பவாவது எழுந்திருந்தா திட்டுவாங்க, திட்டு வாங்கிட்டுப் போயிருக்கலாம். இப்ப எப்படிடா எழுந்திருக்கறது?”

ஏழாம் வருடம் பிப்ரவரியோடு தபால் அட்டை நின்றது. மார்ச்சில் இல்லை, ஏப்ரலில் இல்லை. கிளெம் ஃபோன் எடுப்பதை நிறுத்தினார். மே மாதம் ஒரு நாள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு கையையும் பிஷப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். ரொட்டி அளவுக்குத்தான் கனம். பூனை இருந்த இடத்தில் கால்சட்டைத் துணி கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல நீலமாக இருந்தது. கொட்டகையில் இருந்த முப்பத்தெட்டுப் பூனைகளும் எழுந்து நின்று அவரைப் பார்த்தன. அவர் பூனையை மெல்ல மறுபடி மடியிலேயே இறக்கி வைத்துவிட்டார். “முடியலடா மெர்வ். இதையும் விட முடியல, அவளையும் விட முடியல” என்று சொன்னார். மெர்வ் சாஸேஜ் தட்டோடு நின்றவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜூலையில், மழை தூறிய ஒரு முற்பகலில், கேரவன் வந்து நின்றது. நோலீன் கறுத்து, மெலிந்து, ஆண்பிள்ளைத் தொப்பி போட்டிருந்தார். நேராக வந்து இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளெம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

“ஏன் எழுதல?”

“எழுத இடம் தீந்து போச்சு. சுத்தி முடிச்சாச்சு. செடூனாவுலேர்ந்து ஒரு நாள் வண்டி ஓட்டினா நம்ம ஊரு. அங்கேயே அஞ்சு மாசம் நின்னுட்டேன்.”

“எதுக்கு?”

“பயம். வந்து பாத்தா நீ எழுந்திருச்சுப் போயிருந்தா? எனக்காக எழுந்திருக்காத மனுஷன் வேற எதுக்கோ எழுந்திருச்சான்னா, உன்னைக் கொன்னே போட்டிருப்பேன்.”

கிளெம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது பிஷப் விழித்தது. கொட்டாவி விட்டது, ஒரு முன்னங்காலை நீட்டியது, மஞ்சள் கண்ணால் நோலீனைப் பார்த்தது. பிறகு எழுந்து இரண்டே அடி வைத்து அவர் மடிக்கு மாறி, மூன்று சுற்றுச் சுற்றி, மறுபடி தூங்கிவிட்டது.

நோலீனின் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. ஏழு வருடமாக நாட்டில் உள்ள கேரவன் மைதானம் ஒவ்வொன்றிலும் இந்தக் கதையைச் சொன்னவர், ‘நானா இருந்தா அன்னைக்கே தூக்கிக் கடாசியிருப்பேன்’ என்றுதான் முடித்திருக்கிறார். கொட்டகையில் ஒரு பூனைகூட வாலாட்டவில்லை. கைகள் இறங்கின. ஒன்று பூனையின் முதுகில் போய் நின்றது. “அடப் பாவி, கணகணன்னு இருக்கே” என்றார் நோலீன்.

கிளெம் எழுந்து நின்றார். முழங்கால்கள் இரண்டும் சத்தம் போட்டன, வேறு சேதம் இல்லை.

“சாவி வண்டியிலயே இருக்கு” என்றார் நோலீன், பூனையைப் பார்த்தபடி. “போ. இப்ப உன் முறை. நான் பாத்ததெல்லாம் நீயும் பாக்கணும்.”

“நீ?”

“எனக்கென்ன, உக்காந்திருக்கேன். கிளம்புங்கறேன்ல.”

அவர் போனார். இஞ்சின் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. நோலீன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அழவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கிளெம் கறி அடைத்துச் சுட்ட சூடான பேஸ்டி இரண்டைக் காகிதப் பையில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“எதுவரைக்கும் போனே?”

“படகுத்துறை வரைக்கும்.”

“அவ்வளவுதானா?”

“தனியாப் பாக்கப் பிடிக்கல. வந்துட்டேன்.”

அந்த இருக்கையில் நோலீனுக்கு இது நாலாவது குளிர்காலம், பிஷப் இன்னும் விழிக்கவில்லை. கேரவனைக் கொட்டகைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள், அதில் அடுப்பு நன்றாக எரிகிறது. பகலில் ஃபோனை நோலீன் எடுக்கிறார், கிளெம் கூண்டுகளைக் கழுவுகிறார். வெயில் ஏறியதும் கால் மரத்துப்போகிறதென்று நோலீன் அவரைப் பார்த்துக் கத்துவார், அவர் வந்து தலையணையை மாற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.