ஜன்னல் வேண்டாம் என்றாள் சாந்தாமணி

காங்கேயம் தாண்டி இருக்கும் அந்தப் பட்டறைக்குக் கேரவன் செய்யச் சொல்லிப் போகிறவர்கள் செருப்பையும் நிழலையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். சாந்தாமணியும் அவள் கணவரும் அப்படியே விட்டார்கள். காவலாளி செருப்புகளைச் சுவரோரம் தள்ளினார். நிழல்களைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினார். கணவரின் நிழல் காற்றில் வேட்டி போல ஆடியதைச் சாந்தாமணி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தரை சுட்டது.

கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் வீடு. அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. மில்லில் ஓய்வு கொடுத்த நாளிலிருந்து அவருக்கு இதே நினைப்பு. ஊர் ஊராகப் போக வேண்டும், போகிற இடத்திலெல்லாம் சொந்தக் கட்டிலில் படுக்க வேண்டும். இருந்த வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சாந்தாமணி இனி இதற்குள்தான் குப்பை கொட்ட வேண்டும்.

அவருக்குப் பெயர் வெள்ளியங்கிரி. நாம் சொல்லலாம், சாந்தாமணி சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அதனால் அவளுக்கு வெள்ளிக்கிழமையும் போயிற்று, வெள்ளிக் கொலுசும் போயிற்று. கிழமையை ‘வியாழனுக்கு மறுநாள்’ என்பாள். நகைக்கடையில் நின்றுகொண்டு, ‘அந்த வெளுப்பா இருக்குமுங்களே, அது’ என்று விரலை நீட்டுவாள். நேரில் அவர் ‘ஏனுங்’. மற்றவர்களிடம் ‘எங்கூட்டுக்காரர்’. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு முழுக் குடும்பத்தையும் நடத்தி முடித்துவிட்டாள். கெட்டிக்காரிதான்.

மேலாளர் கிருபாகரன் ஷெட் வாசலில் காத்திருந்தார். அவருடைய சட்டைப்பையில் இரண்டு பல்புகள் எந்த இணைப்பும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன.

“வாங்க, வாங்க. இங்க எழுதறதெல்லாம் இல்லீங்க. வாயில வந்தது வண்டியில ஏறிரும்.”

“ஆண்டவனே, எத்தன பெரிய ஷெட்டு” என்றாள் சாந்தாமணி.

உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது.

“சாமி அலமாரி ஏறிருச்சுங்க” என்றார் கிருபாகரன்.

அவர்களுடைய வண்டி ஷெட்டின் நடுவில் பாதி கட்டியபடி நின்றது. சாமி அலமாரிக்காக ஒரு முழம் நீண்டிருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் வரிசையாக வேறு கேரவன்கள். எல்லாம் கட்டி முடித்தவை. ஒன்றுக்கும் ஜன்னல் இல்லை. ஒன்றுக்குள்ளிருந்து ஒரு பெண், “நாகமாணிக்கம்!” என்று கத்தினாள். கதவிடுக்கில் வெளிச்சம் வந்தது. இன்னொன்றுக்குள்ளிருந்து வேறொருத்தி, “சின்னுசாமி, சின்னுசாமி!” என்றாள். அங்கே வெளிச்சம் வந்துவிட்டுப் போயிற்று.

புருசன் பெயரைத்தான் இப்படிக் கூப்பாடு போடுகிறார்கள் என்று சாந்தாமணிக்குப் புரிந்தது. அவளுக்குக் காது கூசியது. கூச்ச நாச்சம் இல்லாத சனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள். வாய்விட்டுத் திட்டினால் அதுவும் ஏறிவிடும்.

கிருபாகரன் கேட்டுக்கொண்டே நடந்தார். ஏசி? வேணுமுங்க. கூரை மேல சோலார் தகடு? இருக்கட்டுமுங்க. ப்ளக் பாயின்ட் கட்டில் பக்கமா, அடுப்புப் பக்கமா? ரெண்டு பக்கமும். ஒவ்வொரு பதிலுக்கும் வண்டி நீண்டது. அவர்களும் கூடவே நடந்தார்கள். கதவு பின்னால் எங்கோ சின்னதாகப் போய்விட்டது. வெள்ளியங்கிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தக் கடைக்குப் போனாலும் செய்வது போல, கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஜன்னலுங்க?” என்றார் கிருபாகரன்.

“பாக்கலாம்” என்றார் வெள்ளியங்கிரி. அன்று அவர் பேசிய முதல் பேச்சு அது.

“பாக்கலாம்னா ஜன்னல் வெச்சாத்தானுங்க பாக்கலாம்.”

“ஜன்னல் வேண்டாமுங்க” என்று சாந்தாமணி குறுக்கே விழுந்தாள். “புழுதி அடிக்கும். ஏசிக் காத்து பூராம் வெளிய போயிரும்.”

கிருபாகரனின் பையில் ஒரு பல்பு அணைந்தது.

“செரிங்க. வேண்டாம் போட்டாச்சு. ஒரு வண்டிக்கு ஒரு வேண்டாந்தானுங்க.”

அது சாந்தாமணியின் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. புழுதி வராத வீட்டை நினைத்து அவள் மனசு குளிர்ந்துபோயிருந்தது.

பிறகு வயரிங் செய்கிற ஆரோக்கியம் வந்தார். வாய் நிறைய ஸ்க்ரூ வைத்திருந்தார். ஒன்றைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை பேசினார், இன்னொன்றைத் துப்பிவிட்டு அடுத்த வார்த்தை.

“எர்த்துக்கு என்ன போடறதுங்க?”

“அப்புடின்னா?”

“ஊடுன்னா மண்ணு மேல நிக்கும். கரண்ட்டு எங்கயாச்சும் கசிஞ்சா மண்ணுக்குள்ள போயிரும். இது ரப்பர் டயர் மேல நிக்கிற ஊடு. கசிஞ்சா உங்களத்தான் அடிக்கும். உங்களுக்குப் பதுலா அடி வாங்கறதுக்கு ஒண்ணு வேணும். செம்புக் கம்பி போடலாம். இரும்புக் குழாய் போடலாம். என்ன போடட்டுங்க?”

சாந்தாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். சேலைக்கடையில் பிடி கொடுக்காமல் எழுந்து வர அதைத்தான் சொல்வாள். சீட்டுக்கு ஆள் பிடிக்க வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்வாள். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் சொல்வாள். அதன் பிறகு அவரை ஒரு வார்த்தை கேட்டதும் கிடையாது.

“அதுக்கெல்லாம் எங்கூட்டுக்காரருதானுங்க” என்றாள்.

ஆரோக்கியம் வெள்ளியங்கிரியின் பாதங்களைக் குனிந்து பார்த்தார்.

“வெறுங்கால்” என்றார். “நல்ல சரக்கு.”

இரண்டு பேர் வந்து அவருடைய கைகளைப் பிடித்தார்கள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கூடவே போனார். இரண்டடி போய் நின்றார்.

“லைட்டு நல்லா எரியோணுங்க” என்று ஆரோக்கியத்திடம் சொன்னார். “அவளுக்கு இருட்டுன்னா ஆகாது.”

அதற்குப் பிறகுதான் சாந்தாமணிக்கு விளங்கியது.

“அய்யோ, நான் அப்புடிச் சொல்லலீங்க! அவரப் போயிக் கேளுங்கன்னு சொன்னனுங்க!”

“ஊட்டுக்காரர்னு சொன்னீங்க” என்றார் கிருபாகரன். “ஊட்டுக்கு ஊட்டுக்காரர் ஏறியாச்சுங்க.”

“வேண்டாமுங்க!”

“வேண்டாம் தீந்துருச்சுங்க. ஜன்னலுக்குப் போட்டுட்டீங்க.”

“அப்ப ஜன்னல வெச்சுருங்க. வேண்டாத்தத் திருப்பிக் குடுங்க.”

கிருபாகரன் நல்ல மனிதர். நின்று யோசித்தார்.

“மாட்டுனதக் கழட்டலாமுங்க. ஜன்னல் இல்லாதத எப்புடிக் கழட்டறது? அங்க ஒண்ணுமே இல்லீங்களே.”

சாந்தாமணி வண்டிக்குள் ஓடினாள். அதற்குள் சுவரெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தார்கள். ஏசியைத் தாண்டினாள், அடுப்பைத் தாண்டினாள், சாமி அலமாரியைத் தாண்டினாள். அலமாரியில் இன்னும் சாமி ஏறவில்லை. போகப் போக இருட்டியது. வெளியே மொட்டை வெயில் கொளுத்துகிற நேரம். உள்ளே தன் கை தனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே இருட்டில் அவளுக்கு மூச்சு முட்டும். வீட்டில் கரண்ட் போனால், அவள் கூப்பிடுவதற்கு முன்பே அவர் தீப்பெட்டியோடு வந்து நிற்பார். அதை அவள் ஒரு நாளும் பெரிதாக நினைத்ததில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போனாள்.

“ஏனுங்!”

“ம்” என்றது சுவர்.

அவள் அந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்தாள். பலகை வழவழப்பாக இருந்தது. கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

“வெளிய வாங்க.”

“வழி இல்ல.”

“வலிக்குதுங்களா?”

“இல்ல. காலு மட்டும் மண்ணுல இருக்குது. சில்லுன்னு இருக்குது.”

அவள் பலகையை நகத்தால் பிராண்டினாள். அழுதாள். கட்டிக்கொண்டு வந்த மனிதனை ஒரு வாய்ப்பேச்சில் சுவருக்குள் அனுப்பிவிட்டாளே, பாவி. தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

கதவருகிலிருந்து கிருபாகரனின் குரல் வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகக் கேட்டது.

“பேரச் சொல்லிக் கூப்புடுங்கம்மா. ஏனுங்னு கூப்புட்டா இந்த ஷெட்டுல இருக்கற அத்தன பேரும்தான் திரும்புவாங்க. எந்த ஏனுங்னு நாங்க கண்டமா?”

“பேரச் சொன்னா வருவாருங்களா?”

“வருமுங்க.”

‘வருவாரு’ என்று கேட்டவளுக்கு ‘வருமுங்க’ என்று பதில் வந்தது. அந்த வித்தியாசத்தைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

வாயைத் திறந்தாள். வரவில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அவரைத்தான் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் அவர் மயங்கிக் கிடந்தபோதுகூட, நர்ஸிடம் பக்கத்துக் கட்டில்காரியை விட்டுச் சொல்ல வைத்தாள். நாக்கு அப்படியே பழகிப்போயிருந்தது. ஆனால் இப்போது இருட்டில் சுவருக்குள் இருப்பவர் அவளுடைய மனிதர். மானமாவது ஈனமாவது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“வெள்ளியங்கிரி” என்றாள்.

அந்தப் பெயர் அவள் குரலில் நன்றாகவே இருந்தது. இத்தனை காலமும் சொல்லியிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

விளக்கெல்லாம் எரிந்தன. கூரையில், கட்டிலுக்கு அடியில், சாமி அலமாரியில் என்று வண்டி நெடுகிலும் பளிச்சென்று எரிந்தன. கல்யாண மண்டபத்தில்கூட அவள் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. அதே கணத்தில் சுவருக்குள்ளிருந்து, “ஆ” என்று ஒரு சத்தம் வந்தது. அது நிற்கவே இல்லை.

“டெஸ்ட்டு பாஸுங்க” என்றார் கிருபாகரன். “லைட்டு நல்லா வருது. எர்த்தும் நல்லா இழுக்குது.”

“அணைங்க! அணைங்க!”

“அணைக்கறதுக்கும் அதே பேருதானுங்க.”

“வெள்ளியங்கிரி!” என்று அலறினாள்.

இருட்டு திரும்பி வந்தது. “ஆ” நின்றது. சுவருக்குள் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பக்கத்து வண்டியில் அந்தப் பெண் மறுபடியும், “நாகமாணிக்கம்!” என்றாள். அவளுக்கு என்ன அவசரமோ, சோறு கருகிக்கொண்டிருந்ததோ என்னவோ. சாந்தாமணி இந்தத் தடவை அவளைத் திட்டவில்லை.

“இன்னொண்ணு சொல்ல மறந்துட்டனுங்க” என்றார் கிருபாகரன். “வெள்ளிக்கிழமைன்னு சொன்னாப் பாதி வெளிச்சம் வரும். சிக்கனமா இருக்கறவங்க அதச் சொல்லிக்குவாங்க.”

காவலாளி வந்து இரண்டு ஜோடிச் செருப்பையும் படியில் வைத்தார். சாந்தாமணியின் நிழலையும் மடித்துக் கொண்டுவந்திருந்தார். இருட்டில் அதைப் போட இடமில்லை. மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

“அவரோடதுங்க?”

“அது வண்டி அளவுக்கு ஆயிருச்சுங்க. வெளிய கெடக்குது. நீங்க கெளம்புனாக் கூடவே வரும்.”

கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

சாந்தாமணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அவர் கால் இருக்கும் இடம் இதுவாக இருக்கும் என்று கையால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் சாய்ந்தாள். மூச்சு முட்டியது. முன்றானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பயத்தில் வாய் தவறிப் பெயர் வந்துவிடக் கூடாது. எத்தனை வருசமாக அந்தப் பெயர் வராமல் காத்த வாய். இன்னும் காக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் பேசியது.

“சாந்தா.”

அவள் முன்றானையை எடுத்தாள்.

“சொல்லுங்.”

“இருட்டா இருக்குதா?”

“இல்லீங்க.”

“லைட்டப் போட்டுக்க. நான் தாங்கிக்குவேன்.”

“போட்டுத்தானுங்க இருக்கறேன்.”

“எரியுதா?”

“பளிச்சுன்னு எரியுதுங்க” என்றாள் சாந்தாமணி.

எரிந்தால் அது முதலில் தெரிவது அவருக்குத்தான்.

“அப்பச் செரி” என்றது சுவர்.